கட்டிலுக்கு முன்னால் ஒரு கைப்பிடி

முதுமையில் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று நெய்யாற்றின்கரைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட ஊர்களில் யாரைக் கேட்டாலும் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் என்றுதான் பதில் வரும். வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்யும் எங்கள் தொழிலில் தெரியவருவது வேறு. படுத்துவிட்ட ஒரு முதியவரின் கதையைப் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால், பல வீடுகளில் அது கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே நடந்த ஒரு வீழ்ச்சியில் போய் முடியும். இன்னும் பின்னால் போனால், நாற்காலியிலிருந்து எழும்போது கையை ஊன்றத் தொடங்கிய ஒரு காலம் இருக்கும். கை ஊன்றாமல் எழ முடியாமல் போன நாளுக்கும் துணையில்லாமல் குளிக்க முடியாமல் போன நாளுக்கும் இடையே பெரும்பாலும் சில வருட அவகாசம் உண்டு. அந்த வருடங்களில்தான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது, அந்த வருடங்களில் எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. வயதானவர் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வது தொடையிலும் இடுப்பிலும் உள்ள தசையின் பலத்தை நம்பியிருக்கிறது. அந்த பலத்தை வயது மட்டும் குறைப்பதில்லை, வேலை கொடுக்காமல் உட்கார வைப்பதும் குறைக்கிறது. குறைந்ததைத் தொண்ணூறு வயதிலும் ஓரளவு மீட்க முடியும். "பாட்டா, நீங்க சும்மா இரிங்க, நாங்க பாத்துக்கிடுதோம்" என்ற பாசம் முதியவருக்கு நன்மை செய்வதில்லை என்பதே இந்தத் தொழில் எனக்குத் தந்த முடிவு.

இந்தப் பக்கத்து முதியவர்களின் உடம்பு எப்படிப்பட்டது என்று முதலில் சொல்ல வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.6 சதவீதம். 2021இல் அது 16.5 சதவீதம் என்று மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் மதிப்பிட்டது. இந்தியாவின் பெரிய மாநிலங்களில் அதுதான் அதிகம், அடுத்த இடம் 13.6 சதவீதத்தோடு தமிழ்நாட்டுக்கு. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்குமாகப் பிரிந்தபோது, ஒரே குடும்பத்தின் கிளைகள் கோட்டுக்கு இருபுறமும் நின்றுபோயின. இன்று அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள், பாறசாலையிலும் செங்கலிலும் காரோட்டிலும் கிழவனும் கிழவியும் மட்டுமே இருக்கும் வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. ஆனால் இவர்கள் உட்கார்ந்து வளர்ந்தவர்கள் அல்லர். பனையேறியவர்கள், வெள்ளறடை, குன்னத்துக்கால் சரிவுகளில் விடியுமுன் இறங்கி ரப்பர் பால் வெட்டியவர்கள், பொழியூரில் கடலுக்குப் போனவர்கள், பாலராமபுரத்தில் தறியில் இருந்தவர்கள். பாலராமபுரத்துக் குழித்தறியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நெய்பவர் தரைமட்டத்தில் அமர்ந்து கால்களைக் குழிக்குள் விட்டு மிதிக்கட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். தண்ணீர் குடிக்க, சாப்பிட, நூல் எடுக்க என்று ஒவ்வொரு தடவையும் உடம்பின் முழு எடையையும் குழியிலிருந்து மேலே தூக்கியாக வேண்டும். எங்கள் தொழிலில் தொடைக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியும் கிட்டத்தட்ட அதுவேதான். தறி நின்ற அன்றே அந்தப் பயிற்சியும் நின்றுவிடுகிறது, அதற்குப் பதிலாக வேறு எதுவும் வீட்டுக்குள் வருவதில்லை.

பிறகு நடப்பது எல்லா வீட்டிலும் ஏறத்தாழ ஒரே வரிசை. மூட்டு வலிக்கிறது, ஆகவே நடையைக் குறைக்கிறார். நடை குறைந்தால் தொடையின் முன்பக்கத் தசை மெலிகிறது. அந்தத் தசைதான் மூட்டின் மேல் விழும் சுமையைப் பங்குபோட்டுக்கொள்வது, அது மெலிந்தால் மூட்டு இன்னும் வலிக்கிறது. இப்போது மருமகள் தட்டைக் கட்டிலுக்கே கொண்டுவருகிறாள். ஒரு காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தால் போதும், எழும்போது பழைய ஆள் இல்லை. இது வெறும் தோற்றமன்று. சராசரி 67 வயதுள்ள, நோய் எதுவும் இல்லாதவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2007இல் வெளியானது. பத்தே நாளில் அவர்கள் கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருந்தது. நோயில்லாதவருக்கு இந்த நிலை என்றால், நெஞ்சுச்சளியோடு படுத்த எண்பது வயதுக்காரருக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். காய்ச்சல் விட்டதும் டாக்டர் மாத்திரையை நிறுத்துகிறார். போன தசையைத் திரும்பக் கொண்டுவருவது யார் பொறுப்பு என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருப்பதில்லை.

திரும்பக் கொண்டுவர முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும். 1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதையொட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது, இரண்டு பேர் கைத்தடியைக் கீழே வைத்தார்கள். பயிற்சியை நிறுத்தியதும் நான்கே வாரத்தில் அந்த பலத்தில் 32 சதவீதம் போய்விட்டது என்பதையும் அதே ஆய்வு பதிவுசெய்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். வீழ்ச்சியைப் பற்றி உலகெங்கும் நடந்த நூற்றுக்கு மேற்பட்ட பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட முடிவின்படி, உடற்பயிற்சி செய்யும் முதியவர்களிடம் விழும் எண்ணிக்கை சுமார் 23 சதவீதம் குறைகிறது. பயிற்சி என்றால் வெறும் நடை போதாது. எழுவது, உட்காருவது, குதிகாலைத் தூக்கி நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது போன்ற, நிலைகுலையாமல் நிற்கப் பழக்கும் அசைவுகள்தான் இந்தப் பலனைத் தந்தவை. காலையில் பாறசாலை ரயில்நிலைய ரோட்டில் கையை வீசி நடக்கிறோம் என்று திருப்திப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நடை இருதயத்துக்கு நல்லது, விழாமல் காப்பதற்கு அது மட்டும் போதாது. வெள்ளறடையில் தெற்கன் குருசுமலை ஏறும் வயதானவர்களும் இதை உடம்பால் அறிவார்கள். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது தொடை நடுங்கும், ஏனென்றால் உடம்பைப் பிடித்து நிறுத்தும் வேலை முழுவதும் அப்போது அந்தத் தசைக்குத்தான்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சுவரோடு சேர்த்துப் போட்ட, சுமார் 17 அங்குல உயரமுள்ள, கைப்பிடியில்லாத நாற்காலியில் அமர்ந்து, இரு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். 70 முதல் 74 வயதுவரை உள்ள ஆணுக்கு 12க்குக் கீழே, பெண்ணுக்கு 10க்குக் கீழே போனால் கால் பலம் குறைவு, விழும் அபாயம் அதிகம். சோதனையின்போது பக்கத்தில் ஒருவர் நிற்பது நல்லது. இதைச் செய்யும்போது எங்கள் கண் எண்ணிக்கையில் மட்டும் இருப்பதில்லை. எழும்போது கால் பெருவிரல் தரையைக் கவ்வுகிறதா, முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றனவா, உட்காரும்போது மெதுவாக இறங்குகிறாரா அல்லது கடைசி ஒரு சாண் தொப்பென்று விழுகிறாரா என்று பார்ப்போம். தொப்பென்று விழும் அந்த ஒரு சாண்தான் பின்னாளில் கழிப்பறையில் ஆபத்தாக வருவது. இன்னொரு அடையாளமும் உண்டு. நடந்துகொண்டிருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால், பதில் சொல்ல நடையை நிறுத்துகிறாரா என்று பாருங்கள். 1997இல் ஸ்வீடனில் ஒரு முதியோர் விடுதியில் இதை மட்டும் கவனித்தார்கள். பேசுவதற்காக நின்ற 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படும் நிலைக்கு வந்துவிட்டார் என்பதற்கு அது அறிகுறி.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம் நியாயமானது: வாழ்நாள் முழுக்கப் பனையிலும் விளையிலும் உழைத்து ஓய்ந்தவர்களை இனியும் எழு, உட்கார் என்று வருத்துவதா? அந்தக் கேள்வியில் இருக்கும் இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் உழைப்பும் பயிற்சியும் ஒன்றல்ல. பனையேற்றம் கணுக்காலையும் முதுகையும் தேய்த்தது, கூலிக்காகச் செய்ததால் வலித்த நாளிலும் நிறுத்த முடியாமல் போனது. பயிற்சியில் அளவு செய்பவர் கையில் இருக்கிறது. இரண்டு தடவை எழுந்து உட்காருவதில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றிரண்டு கூட்டினால் போதும். மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்கு அசைவு ஆகாது என்பதும் பழைய நம்பிக்கை. இன்று மூட்டுத் தேய்மானத்துக்கு மருத்துவ வழிகாட்டிகள் எல்லாமே முதலில் சொல்வது பயிற்சியைத்தான், மாத்திரையும் அறுவை சிகிச்சையும் அதற்குப் பிறகு. மூட்டை மாற்றிக்கொண்டவருக்கும் தொடை பலமில்லாவிட்டால் புது மூட்டால் பெரிய பயனில்லை. பயிற்சியின்போது சற்று வலித்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் பயப்பட வேண்டியதில்லை. மூட்டு வீங்கினாலோ, இரவில் தூக்கம் கெட்டாலோ, நெஞ்சு அடைத்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. நடமாட விட்டால்தானே விழுவார், கட்டிலிலேயே இருந்தால் விழமாட்டார் அல்லவா என்று வீட்டார் கேட்கிறார்கள். விழுவது சின்ன விஷயமில்லை, உலகில் வருடத்துக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்ததால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஆனால் கட்டிலில் இருப்பவரும் ராத்திரி சிறுநீருக்கு எழுவார். பகல் முழுவதும் நடக்காத கால்களோடு, இருட்டில், அவசரமாக எழுவார். ஆகவே ஆளைக் கட்டிப்போடுவதை விட்டு வீட்டைத் திருத்த வேண்டும். இந்த ஊர்களில் இரண்டு வகை வீடு உண்டு, இரண்டிலும் தனித்தனி ஆபத்து. பழைய வீட்டில் கழிப்பறை முற்றத்தைத் தாண்டி இருக்கும். இடவப்பாதியிலும் துலாமழையிலும் அந்த வழியிலும் கிணற்றடிச் சிமெண்டிலும் பச்சைப் பாசி படியும், மழை விட்ட பிறகும் வெகுநாள் போகாது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பதும், சொரசொரப்பான கல் பதிப்பதும், வழி நெடுகப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போடுவதும் பெரிய செலவில்லை. புது வீட்டில், வளைகுடாப் பணத்தில் கட்டியதில், கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்கு வழுக்கும் டைல்ஸ், தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் நாலு அங்குலப் படி, பிடிக்க எதுவுமில்லாத சுவர். தடுமாறும்போது கைக்கு அகப்படுவது துண்டு போடும் கம்பி. அது ஈரத்துண்டின் எடையைத் தாங்கும், ஆளின் எடையைத் தாங்காது, ஆளோடு சேர்ந்து அதுவும் பெயர்ந்து வரும். கழிப்பறைப் பீங்கானுக்கு அருகிலும் குளிக்கும் இடத்திலும் சுவருக்குள் நன்றாக இறங்கிய போல்ட்டில் முறுக்கிய எஃகுக் கைப்பிடி வேண்டும். கட்டிலிலிருந்து கழிப்பறைவரை இரவெல்லாம் எரியும் சின்ன பல்பு வேண்டும். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட வேண்டும். குளிக்க உட்காருவதற்குப் பிளாஸ்டிக் ஸ்டூலை வைக்காதீர்கள், ஈரத்தில் அதன் கால் விரியும். வீடு கட்டும் மேஸ்திரிமார் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: வீட்டுக்காரர் கேட்காவிட்டாலும் பாத்ரூம் வாசற்படியைத் தரையோடு சமமாக்கிக் கொடுங்கள்.

மருந்தைப் பற்றி இரண்டு வார்த்தை போதும். பிரஷர் மாத்திரை, புராஸ்டேட்டுக்கான மாத்திரை, தூக்க மாத்திரை மூன்றும் ஒருவரே சாப்பிடும்போது, எழுந்து நின்றவுடன் ரத்த அழுத்தம் சரிந்து கண் இருளலாம். எதையும் தானாக நிறுத்தக்கூடாது. எல்லாச் சீட்டுகளையும் ஒரே டாக்டரிடம் காட்டி, படுத்தும் நின்றும் பிரஷர் பார்த்துத் தரச் சொல்ல வேண்டும். எழுமுன் கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு, பாதத்தைச் சிலமுறை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழுந்தால் பாதி மயக்கம் தவிரும். பாதத்தில் உணர்ச்சி குறைந்த சுகர்காரர் வீட்டுக்குள்ளும் செருப்புப் போட வேண்டும்.

சாப்பாட்டில்தான் பெரிய குறை. தசை வளரப் புரதம் வேண்டும், முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். 55 கிலோ எடையுள்ள அம்மச்சிக்கு நாளைக்கு 55 கிராம். ஆனால் பல் போனபின் அவர் ராத்திரி சாப்பிடுவது சாயாவும் பிஸ்கட்டும். பழைய சாப்பாடே இதைவிட மேல்: கஞ்சியோடு சிறுபயறு, மரச்சீனியோடு மீன். வெறும் கஞ்சியையும் வெறும் மரச்சீனியையும் மட்டும் எடுத்துக்கொண்டு, பயறையும் மீனையும் பேரப்பிள்ளைகளின் தட்டுக்குத் தள்ளிவிடுவதுதான் கெடுதல். தினம் ஒரு முட்டை, குழைய வேகவைத்த பயறு, முள் நீக்கிய மத்தி போதுமானவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகும் சிலர் விழத்தான் செய்வார்கள். விழுந்தவர் எழ முடியாமல், ஒரு கால் குட்டையாகத் தோன்றி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் அது பெரும்பாலும் இடுப்பை ஒட்டிய தொடை எலும்பு முறிவு. எல்லையோர ஊர்களில் வர்ம ஆசான்மாரிடம் போகும் பழக்கம் ஆழமானது. சுளுக்குக்கும் பிடிப்புக்கும் அவர்கள் கைத்திறன் பலருக்குச் சுகம் தருவதை மறுக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் இந்த முறிவை மூங்கில் தப்பை வைத்துக் கட்டி நிறுத்த முடியாது, அந்த இடத்தில் தொடையின் பெரிய தசைகள் இரு துண்டையும் எதிரெதிரே இழுத்துக்கொண்டிருக்கும். எண்ணெயும் தப்பையுமாக ஆறு வாரம் படுத்தால் எலும்பு சேருமுன் படுக்கைப்புண்ணும் நிமோனியாவும் வந்துவிடும். இந்த முறிவுக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் ஐந்தில் ஒருவருக்குக் குறையாமல் இறப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டு நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்து, மறுநாளே எழுப்பி நிறுத்தினால்தான் நல்ல வாய்ப்பு. நெய்யாற்றின்கரை ஜெனரல் ஆஸ்பத்திரியோ, காரக்கோணமோ, திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜோ, எல்லைக்கு அப்பால் ஆசாரிபள்ளமோ, எது அருகிலோ அங்கே அன்றே போக வேண்டும். எண்பது வயதில் ஆபரேஷன் எதற்கு என்ற தயக்கமே பலரைக் கட்டிலில் கிடத்துகிறது. எண்பது வயது என்பதால்தான் ஆபரேஷன் அவசரம்.

இத்தனையையும் யார் வந்து சொல்லித்தருவது, எத்தனை பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார்கள் என்பது கடைசி ஆட்சேபம். உண்மைதான், நாங்கள் போதாது. வீட்டுக்கு வரும் கட்டணத்தை எல்லாராலும் தர முடியாது என்பதும் உண்மை. ஆனால் இந்தப் பயிற்சிகளுக்கு எந்திரம் எதுவும் தேவையில்லை. முதலில் ஒரு முறை ஆளைச் சோதித்துப் பார்த்து அளவு சொல்ல ஒரு பிசியோதெரபிஸ்ட் போதும், தினசரி செய்யவைக்க ஆஷா பணியாளரும் குடும்பஸ்ரீ அயல்கூட்டமும் போதும். கேரளம் 2008இலேயே பாலியேட்டிவ் கொள்கை வகுத்த மாநிலம். பஞ்சாயத்துதோறும் பாலியேட்டிவ் நர்ஸ் வீடு தேடிப் போவது இந்த நாட்டில் வேறெங்கும் எளிதாகக் காணக் கிடைக்காத ஏற்பாடு. எனக்குள்ள வருத்தம், அந்த நர்ஸின் வண்டி பெரும்பாலும் படுத்தவர் வீட்டு வாசலில்தான் நிற்கிறது என்பது. இன்னும் நடமாடிக்கொண்டிருக்கும், ஆனால் கை ஊன்றி எழுகிற வீட்டில் அது நிற்பதில்லை. தமிழ்நாடு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டுப் பிசியோதெரபியையும் சேர்த்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் களியக்காவிளையில் சாத்தியமாவது இந்தப் பக்கம் இஞ்சிவிளையில் சாத்தியமாகாமல் போகக் காரணமில்லை.

நம் பஞ்சாயத்துகள் திட்டப் பணத்தில் முதியோருக்குக் கட்டில் வழங்குகின்றன. தரையில் படுத்து எழ முடியாதவருக்குக் கட்டில் உதவிதான், அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் கட்டிலுக்கு முன்னால் கிடைக்க வேண்டியது கழிப்பறைக் கைப்பிடி. முதியோருக்கென்று பஞ்சாயத்து நடத்தும் வயோஜன கிராமசபை உங்கள் ஊரில் அடுத்து எப்போது கூடுகிறதோ, அங்கே போய் மூன்றைக் கேளுங்கள்: கட்டில் பெறும் ஒவ்வொரு வீட்டிலும் கழிப்பறையில் ஒரு கைப்பிடி, வருடத்துக்கு ஒரு முறை வார்டிலுள்ள 65 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் அந்த 30 விநாடி நாற்காலிச் சோதனை, பகல்வீட்டில் டி.வி. போடுமுன் அரைமணி நேரம் எழுந்து உட்காரும் பயிற்சி. தீர்மானமாக எழுதிவைக்கச் சொல்லுங்கள். கிராமசபையில் பேசுவதற்கு உங்கள் அப்பாவையும் அம்மாவையும் கூட அழைத்துப் போங்கள், முடிந்தவர்கள் நடந்தே வரட்டும்.